இருபத்தைந்து சொற்கள்

போர்க்காலச் சட்டம் படித்தவன் என்ற மண்டைக்கனம் எனக்கு இருந்தது. அதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மற்றதைச் சொல்லவேண்டும்.

அறுபதுகளின் கடைசி. நான் சென்னையில் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். அப்பச்சி, அதாவது என் அப்பா, வியட்நாமில் சைகோன் நகரத்தில் ஒரு துணிக்கடையில் இருந்தார். அந்த ஊருக்குள்ளேயே சண்டை வந்துவிட்டது என்று பேப்பரில் போட்டார்கள். அதோடு அவர் கடிதமும் நின்றுபோனது. கடைசிக் கடிதத்தில் ஆத்தாவின் வயிற்று ஆபரேஷன் என்னாயிற்று என்று கேட்டிருந்தார். நாங்கள் போட்ட பதில் போய்ச் சேர்ந்ததா, தெரியாது. ஆத்தா தேறி, காரைக்குடி வீட்டில் நடமாட ஆரம்பித்திருந்தாள்.

வகுப்பில் ஜெனீவா உடன்படிக்கைகள் நடந்துகொண்டிருந்தன. நான்காவது உடன்படிக்கையின் இருபத்தைந்தாம் பிரிவு: போரில் பிரிந்த குடும்பங்கள் செய்தி அனுப்பிக்கொள்ளலாம், எவ்வளவு கெடுபிடி என்றாலும் மாதம் ஒரு தாள், அதில் இருபத்தைந்து சொற்கள். மற்றவர்கள் அதைப் பரீட்சைக்காகக் குறித்துக்கொண்டார்கள். நான் அன்று சாயங்காலமே ஒரு நிவாரணச் சங்கத்துக்குப் போய் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன்.

வீட்டில் எழுத உட்கார்ந்ததும் ஆத்தா பக்கத்தில் வந்து நின்றாள்.

"மேல சுழியப் போட்டு ஆரம்பிப்பா."

பிள்ளையார் சுழி இல்லாமல் எங்கள் வீடுகளில் மளிகைச் சிட்டைகூட எழுதமாட்டார்கள். சுழியில்லாமல் வருவது சாவு சொல்லி வரும் கடிதம் மட்டும்தான். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் சட்டம் பேசினேன்.

"அங்க எல்லாத்தையும் பிரிச்சுப் பாப்பாக, ஆத்தா. புரியாத குறி இருந்தா சங்கேதம்னு தாளையே கிழிச்சுருவாக."

"சரி, எனக்குத் தேவலைன்னாவது எழுது."

"அத அடுத்த மாசம் எழுதுவோம். இப்ப அவுக அங்கருந்து கெளம்புறதுதான் முக்கியம்."

ஆத்தாவுக்கு மனசே இல்லை. தாளை வாங்கி, வெறுமையாக இருந்த மேல் விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். எனக்கும் உள்ளே ஏதோ உறுத்தியது. அதைச் சட்டை செய்யவில்லை.

இருபத்தைந்து சொற்களையும் வெளியேறும் உரிமைக்கே செலவழித்தேன். எந்தப் பிரிவு, யாரிடம் மனுக் கொடுப்பது எல்லாம் எழுதி, ‘உடனே புறப்பட்டு வரவும்’ என்று முடித்தேன். தூதரக உறவு உள்ள இந்தியா போன்ற நடுநிலை நாட்டாருக்கு நான் எழுதிய அந்தப் பிரிவே பொருந்தாது என்பதைப் பிற்பாடுதான் படித்தேன். மறு மாதம் பரீட்சை வந்துவிட்டது. ஆத்தாவுக்குச் சொன்ன இரண்டாவது தாளை நான் எழுதவே இல்லை.

விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது பதில் வந்தது. ஆத்தாவின் கண் முதலில் தாளின் உச்சிக்குப் போனது. சுழி இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவுக கையெழுத்துத்தான், ஆத்தா. அவுகளேதான் எழுதியிருக்காக" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு வாசித்தேன்.

‘விவரம் தெரிந்துகொண்டேன். காரியங்களைக் குறையில்லாமல் செய்யவும். இனி அங்கு வந்து யாரைப் பார்க்கப் போகிறேன்.’

பதினோரு சொற்கள்தான். நான் ஒருவன் இருப்பது அவருக்கு நினைவில்லையா என்று, வெட்கக்கேடு, எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆத்தாதான் மெதுவாகச் சொன்னாள்.

"நான் போய்ச் சேந்துட்டேன்னு நெனச்சுட்டாக."

அன்றைக்கே தந்தி கொடுக்க ஓடினேன். அந்த ஊருக்குத் தந்தி எடுப்பதில்லை என்றார்கள்.

பத்து நாள் போயிருக்கும். அப்பச்சியோடு அதே கடையில் வேலை பார்த்த தேவகோட்டைக்காரர் ஒருவர் வந்தார். துக்கம் கேட்க வருகிறவர்களைப் போல, கும்பிடாமல், தலையைக் குனிந்தபடி உள்ளே வந்து உட்கார்ந்தார். ஆத்தா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். நிமிர்ந்து பார்த்தவர் ஆத்தாவின் முகத்தை அடையாளம் கண்டு எழுந்துவிட்டார்.

"ஆச்சி, நீங்க இருக்கீகளா?"

ஆத்தாவையே பார்த்துக்கொண்டு மிச்சத்தைச் சொன்னார்.

"விமானத்துல அவுகளுக்குத்தான் எடம் கெடைச்சுச்சு. எனக்கு இனி எதுக்கு, பிள்ளகுட்டிக்காரன் நீ போன்னு என்னைய ஏத்திவிட்டுட்டாக."

தலையில் அடித்துக்கொண்டு அழுதது நான்தான். ஆத்தா இன்னொரு தாள் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். அதை அவளே எழுதினாள். மேலே பெரிதாக ஒரு சுழி. அதன் கீழே, ‘நான் உசுரோட இருக்கேன்.’

அந்தத் தாளை யாரும் கிழிக்கவில்லை. மூன்று மாதம் கழித்து, பெறுபவர் இல்லை என்ற முத்திரையோடு, சுழி கலையாமல் திரும்பி வந்தது.