மேடத்தின் ஜப்பான் கத்தரிக்கோல்

அந்தக் கத்தரிக்கோல் ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தது. மூடியைத் திறந்தால் எண்ணெய் தடவிய தாள். தாளைப் பிரித்தால் கறுத்த கைப்பிடியோடும் பளிச்சிடும் அலகுகளோடும் அது படுத்திருக்கும். அலகின் அடியில், அதை அடித்துச் செய்த கொல்லரின் பெயர் ஜப்பானிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. லண்டன் இல்ஃபோர்டில் இருந்த அந்தத் தையல்கடையின் வரவேற்பு மேசையில் நான் இரண்டு வருடம் இருந்தேன். அவ்வளவு காலத்திலும் மேடம் செய்த ஆகக் கடினமான வேலை, அந்தப் பெட்டியை வாடிக்கையாளர்களுக்குத் திறந்து காட்டியதுதான்.

மேடம் எங்கள் முதலாளி. தன்னை டிசைனர் என்று சொல்லிக்கொள்வார். கத்தரிக்கோலை அவருடைய கணவர் வேலை விஷயமாக டோக்கியோ போனபோது ஒரு கடையில் வாங்கிவந்தார் என்பது எனக்குத் தெரியும். பெட்டிக்குள் பற்றுச்சீட்டே கிடந்தது. மேடம் சொல்லும் கதை வேறு. முதலில் கொல்லரின் பட்டறைக்கே போய் வாங்கியதாகச் சொன்னார். பிறகு அங்கே மூன்று நாள் தங்கி வெட்டப் பழகியதாகச் சொன்னார். நான் வேலையை விடும்போது அந்த மூன்று நாள் ஒரு மாதமாக வளர்ந்திருந்தது. "இது என்ர கைக்கு மட்டும்தான் பழகின சாமான்," என்பார். மேடம் இடக்கைக்காரி. கத்தரிக்கோலோ வலக்கைக்காரருக்காகச் செய்யப்பட்டது. ஒரு நாளாவது துணி வெட்டிப் பார்த்திருந்தால் அது அவருக்கே தெரிந்திருக்கும்.

உண்மையில் கடையில் துணி வெட்டியவர் பின்னறையில் இருந்த மன்னார் அன்ரி. தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளின் சட்டைகள், கல்யாண கவுன்கள், சாரி பிளவுஸ்கள் எல்லாம் அவருடைய கையால்தான் வெளியே போயின. சாதாரணக் கத்தரிக்கோல் ஒன்றின் கைப்பிடியில் பழைய துணியைச் சுற்றி வைத்திருந்தார். அவர் வெட்டும்போது கீழ் அலகு மேசையை விட்டு எழும்பாது, துணியும் அசையாது. மேடம் வங்கிக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் அன்ரி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து பெட்டியைத் திறந்தார். ஒரு துண்டு சாட்டின் துணியில் ஒரேயொரு தரம் வெட்டிப் பார்த்தார். சத்தமே வரவில்லை. "நான் வெட்டேல்லைப் பிள்ளை, துணி தானா விலகுது," என்றார். பிறகு அலகைத் துடைத்து, தாளை முன்பிருந்த மடிப்பிலேயே மடித்து வைத்தார். தன்னுடைய பழைய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டார்.

சில வாரங்களில் கடைக்கு ஒரு வீடியோ தேவைப்பட்டது. என்னுடைய போனில் கமெரா நல்லது என்பதால் படம் பிடிப்பது என் வேலையாயிற்று. மேடம் உதட்டுச்சாயம் பூசி, சாட்டின் துண்டொன்றை, திறப்பு விழாவில் நாடா வெட்டப் போகிறவர்போல, அந்தரத்தில் தூக்கிப் பிடித்தார். கத்தரிக்கோல் இடக்கையில் இருந்தது. வெட்டவேண்டிய துணி அலகுகளுக்கு நடுவே மடிந்து சிக்கியது. சிரிப்பை விடாமலே ஒரு இழுவை இழுத்தார். கத்தரிக்கோல் கைநழுவி ஓட்டுத் தரையில் விழுந்து நுனி தெறித்தது. பின்னறை வாசலில் அன்ரி நின்றதை நான் கண்டேன். மேடம் கண்டாரோ தெரியாது. அன்ரி உள்ளே போன பிறகு, "அதை அழிச்சுப்போடும்," என்று மேடம் என்னிடம் சொன்னார். நான் அழித்தேன்.

அடுத்த நாள் கணவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். அவர் சத்தம் போடுகிற மனிதர் அல்ல. அதனால் மேடம் பயந்தார் என்றும் சொல்ல முடியாது. ஒரு மாதம் பழகியவரின் கையிலிருந்து விழுந்தது என்று சொல்ல அவருக்கு வெட்கம், அவ்வளவுதான். அந்த வெட்கத்துக்கு ஓர் ஆளின் வேலை விலையாயிற்று. மேடம் அன்ரியைக் கூப்பிட்டுக் கேட்டார்: "நீங்கள் இதைத் தொட்டனீங்களோ?"

அன்ரி கொஞ்சம் யோசித்தார். "ஓம். ஒருநாள் தொட்டனான்," என்றார்.

"பாத்தீங்களே, அவவே சொல்லுறா," என்று மேடம் கணவரிடம் திரும்பினார். உண்மையைச் சொன்ன ஒரே வாயை வைத்தே அந்தப் பொய்யை முடித்துவிட்டார். அதைவிடக் கெட்டித்தனமான வேலை எதையும் அந்தக் கடையில் அவர் செய்து நான் பார்த்ததில்லை.

நான் அதே அறையில்தான் நின்றேன். நகரக் கவுன்சில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன்; மேடத்தின் பரிந்துரைக் கடிதம் இன்னும் கைக்கு வரவில்லை. அன்ரி என்னைப் பார்த்தார். நான் கணினித் திரையைப் பார்த்தேன். அந்த வெள்ளிக்கிழமையே கடிதம் வந்தது. என்னை நேர்மையானவள் என்று மேடம் எழுதியிருந்தார்.

போன மாதம் எங்கள் தேவாலயப் பங்கு மண்டபத்தில் ஒரு மகளிர் விழா. மேடம் பிரதம விருந்தினர். கைத்தொழிலின் அருமையைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். ஜப்பானில் பழகிய காலம் இப்போது ஒரு வருடமாகிவிட்டது. மண்டபம் கைதட்டியது. கைதட்டிய ஒவ்வொரு முகத்தையும் இளக்காரமாகப் பார்த்துக்கொண்டு தேநீர் வரிசைக்குப் போனேன். எனக்கு முன்னால் அன்ரி நின்றார். இப்போது பக்கத்து ஊரான பார்க்கிங்கில் ஒரு லாண்டரியில் ஷிப்ட் வேலை, படுக்கை விரிப்பு மடிப்பதாம். சுகம் விசாரித்தார். என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார்.

என்னால் அடக்க முடியவில்லை. "அண்டைக்கு மேடம் விழுத்தினதை நீங்களும் கண்டனீங்கள் தானே அன்ரி. ஏன் சொல்லேல்லை?" என்றேன்.

"நான் சொன்னா ஆர் பிள்ளை நம்புவினம்," என்றார். குரலில் கோபம் இல்லை. "உம்மட்டைப் படம் இருந்தது. நீர் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

வரிசை நகர்ந்தது. அவர் இரண்டு கோப்பை எடுத்து, ஒன்றை என் கையில் தந்துவிட்டுப் போனார்.