வேனில் மூன்று பேர், ஓட்டுவது ஒருவர்

வண்டி ஓட்டுவதைவிடக் கஷ்டமான வேலை, ஓட்டப் பழகுகிறவர் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. மனைவிக்கோ மச்சானுக்கோ சொல்லிக்கொடுத்துப் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும். தென்காசியில் நான் அதையே தொழிலாக வைத்திருந்தேன். லாரியில் கிளீனராகப் போய், பார்த்துப் பார்த்தே ஓட்டக் கற்றவன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் என்னிடம் பழக வந்தவர் ஞானம். பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றும் வேன் அவர்களுடையது. கணவர் சாமுவேலுக்குப் பார்வை மங்கிவிட்டது. வேலைக்கு வைத்த டிரைவர்கள் நிலைக்கவில்லை. செங்கோட்டைக்காரர் ஒருவர் வேனை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். ஞானத்துக்கு லைசென்ஸ் கிடைத்தால் வேன் வீட்டில் நிற்கும். இல்லையென்றால் அவரிடம் போய்விடும்.

அருவியில் தண்ணீர்

பாடம் அவர்கள் வேனிலேயே நடந்தது. சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில், குற்றாலம் ரோட்டில் ஞானம் ஓட்டினார். என் மனைவி காலமான பிறகு வீட்டில் பேச ஆளில்லை. மிச்சமான பேச்சையெல்லாம் வண்டியில்தான் பேசித் தீர்ப்பேன். தூரத்து மலையில் அருவி வெள்ளையாகத் தெரிந்ததும், "ஆகா, தண்ணி என்னமா விழுது!" என்றேன். வேன் ஓரமாகவே போய், ஒரு பலாப்பழக் குவியலுக்கு அருகில் வந்து நின்றது. ஞானம் என் பக்கம் திரும்பினார். அந்தக் குளிரிலும் முகமெல்லாம் வேர்வை.

"அண்ணாச்சி, நீங்க அருவியப் பாக்கியோ, நான் ரோட்டப் பாக்கேன். என்னைய யாரு பாக்கது?"

பின் ஸீட்டிலிருந்து

மறுநாளிலிருந்து அவரையே பார்த்தேன். எதிரே பஸ் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்வார். உடனே கிளட்ச்சில் இருக்கும் காலும் விறைத்துவிடும். "மூச்சு விடுங்க" என்பதைத் தவிர நான் வேறொன்றும் சொல்லவில்லை. வண்டி சீராக ஓடத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்து சாமுவேல் அண்ணாச்சியும் கூட வருவேன் என்று பின்னால் ஏறினார். அவருக்கு இன்ஜின் சத்தமே போதும். "ஏட்டி, மூணாவது கியரப் போடு! இன்ஜின் முக்குது பாரு!"

"அண்ணாச்சி, அவங்களே போடுவாங்க, சும்மா இருங்க" என்றேன்.

"வேன் யாருதுவே?" என்றார் அவர். நானும் விடவில்லை. குத்துக்கல்வலசையில் வேன் சட்டென்று நின்றது.

"ரெண்டு பேரும் இறங்கிப் பேசி முடிச்சிட்டு வாங்க. நான் இங்கனயே நிக்கேன்."

மேட்டில் நின்ற வேன்

டெஸ்ட் அன்று இன்ஸ்பெக்டர் ஏறிக்கொண்டு என்னையும் சாமுவேல் அண்ணாச்சியையும் இறங்கச் சொல்லிவிட்டார். செங்கோட்டைக்காரரும் வந்திருந்தார். மேட்டில் நிறுத்தி எடுக்க வேண்டும். ஞானம் எடுத்தபோது இன்ஜின் அணைந்து, வேன் பின்னால் நழுவி நின்றது. சாமுவேல் அண்ணாச்சி என் கையை இறுக்கிப் பிடித்தார். கத்த வாயெடுத்தவர் கத்தவில்லை.

"என்ன செய்யுதா?" என்று மெல்லக் கேட்டார்.

கண்ணாடி வழியாக ஞானத்தின் தோள்கள் மெதுவாக இறங்குவது தெரிந்தது. "மூச்சு விடுதாங்க" என்றேன். வேன் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு மேடேறியது. அண்ணாச்சி என் முதுகில் வைத்த அறை இன்னும் வலிக்கிறது.

பாஸ் என்று சொல்லி இன்ஸ்பெக்டர் இறங்கிப் போனார். செங்கோட்டைக்காரர் வந்து டயரைத் தட்டிப் பார்த்து, "அப்பம் வேன்?" என்றார். ஞானம் ஸீட்டை விட்டு இறங்கவேயில்லை.

"விக்கதா இல்ல. ஏறுங்க, செங்கோட்டையில இறக்கி விடுதேன்."

செங்கோட்டை வரை ஒரு வார்த்தை பேசாமல் போன என்னையும் சாமுவேல் அண்ணாச்சியையும் பார்த்திருந்தால், இன்ஸ்பெக்டர் எங்களுக்கும் ஆளுக்கொரு லைசென்ஸ் கொடுத்திருப்பார்.