எஸ்தரக்காவும் கால் பங்குக் குற்றமும்

ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்துக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் குமாஸ்தா அழைத்தார். "அண்ணாச்சி, எஸ்தரம்மா தவறிட்டாவ. காலைல ஜெபத்துக்கு எந்திரிச்சவிய அப்படியே சாஞ்சிட்டாவளாம்." அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ராஜபாளையத்துக்குத் திரும்பும் பேருந்துக்காக நின்றேன்.

வழக்கறிஞர் எஸ்தர் ஜெயராணியை உங்களில் பலருக்குத் தெரியும். நான் அவரோடு பல ஆண்டுகள் ஒரே அறையில் இருந்து தொழில் பார்த்தவன். பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். அக்கா கேட்பார். ஓர் ஆட்டுத் திருட்டு வழக்கில், "இது உங்க ஆடுன்னு அந்த ஆட்டுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டார். புகார் கொடுத்தவர் இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார். வெளியே கட்டியிருந்த ஆடு பதிலுக்குக் கத்தியது. திருடியதாகச் சொல்லப்பட்ட எங்கள் கட்சிக்காரரின் வழக்கு அத்தோடு போயிற்று. நான் சலித்துக்கொண்டபோது அக்கா சொன்னார்: "பதில் தெரிஞ்ச கேள்வியக் கேக்கதுக்குக் கோர்ட்டு எதுக்கு, தம்பி?"

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது மாடசாமியின் வழக்கு. செட்டியார்பட்டி சாலையில் ஒரு லாரி ஷெட்டுக்கு அவர் காவலாளி. ஒரு விடியற்காலையில், சைக்கிளில் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்த மில் தொழிலாளி ஒருவர் அந்த ஷெட்டுக்கு எதிரே இறந்து கிடந்தார். குடித்துவிட்டுத் தானே விழுந்திருப்பார் என்று ஊரில் பேச்சு. தூங்கிவிட்டேன், எதையும் பார்க்கவில்லை என்று மாடசாமி போலீஸிடம் சொல்லிவிட்டார்.

சில மாதங்கள் கழித்து அவர் மகள் செல்வி எங்கள் அறைக்கு வந்தாள். "மோதுனது மில்லுக்காரவிய மகன் காருதான். எங்கய்யா பாத்திருக்காவ. பாக்கலன்னு சொன்னதுக்குத்தான் எனக்கு மில் ஆபீஸ்ல வேல போட்டுக் குடுத்திருக்காவ. நேத்துத்தான் தெரியும். இது லஞ்சமாம்மா?"

"உங்கய்யா அரசு ஊழியர் இல்லையேம்மா. அப்புறம் எப்படி லஞ்சமாகும்?" என்றேன் நான்.

அக்கா சட்டப் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். குற்றவாளியைத் தண்டனையிலிருந்து காப்பாற்றுவதற்காகப் பிரதிபலன் பெறும் எவரும் குற்றவாளியே. தனக்காகப் பெற்றாலும் சரி, வேறொருவருக்காகப் பெற்றாலும் சரி. "இதுல அரசு ஊழியர்னு எங்க இருக்கு? மகளுக்கு வாங்கின வேலையும் இதுல வந்திரும்" என்றார். பிறகு தண்டனையைப் படித்தவர் அப்படியே நின்றுவிட்டார். பத்து ஆண்டுக்குக் குறைவான தண்டனையுள்ள குற்றம் என்றால், மறைத்தவருக்கு அந்தத் தண்டனையின் உச்ச அளவில் கால் பங்கு வரை சிறை கிடைக்கலாம், அல்லது அபராதம், அல்லது இரண்டும். "கால் பங்கு. அரையும் இல்ல, முக்காலும் இல்ல. மறைக்கவன் பாவம் எம்புட்டுன்னு யாரு தம்பி அளந்தா?"

அந்தக் கேள்வி அவரைக் கடைசிவரை விடவில்லை. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது என்னைத் தொலைபேசியில் அழைத்து, "பிரிவு எண்ண மாத்திட்டாவ, கால் பங்க மாத்தலையே" என்றார், ஏதோ பழைய நண்பரை மறுபடி பார்த்துவிட்டவர்போல.

செல்வி வந்துபோன மறுநாள் நாங்கள் இருவரும் மாடசாமியைப் பார்க்கப் போனோம். ஏன் செய்தீர் என்று அக்கா கேட்கவில்லை, என்ன பார்த்தீர் என்றுதான் கேட்டார்.

மாடசாமி எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு, "நான் சொன்னா செத்தவன் எந்திரிச்சா வரப்போறான்?" என்றார்.

"வரமாட்டான். ஆனா குடிகாரன் பொண்டாட்டின்னு ஒருத்தி பேச்சு வாங்கிட்டு இருக்கா. அவளுக்கு நஷ்டஈடும் நின்னு போச்சு. நீரு உண்மையச் சொன்னா உம்ம மேலயும் கேஸ் வரும். இத மறைச்சு உம்மக் கூட்டிட்டுப் போகமாட்டேன்."

செல்வி அடுத்த நாளே வேலையை விட்டாள். அதற்கடுத்த வாரம் மாடசாமி நீதிபதி முன் வாக்குமூலம் கொடுத்தார். காரோட்டியவருக்குத் தண்டனை கிடைத்தது, தொழிலாளியின் மனைவி மாரியம்மாளுக்கு நஷ்டஈடும் கிடைத்தது. மாடசாமி மீதான வழக்கில் அக்காவே அவருக்காக ஆஜரானார். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதால், அபராதமும் அன்று நீதிமன்றம் கலையும் வரை காவலும் விதிக்கப்பட்டன.

அக்காவின் மற்ற வழக்குகள் மதியத்துக்குள் முடிந்துவிட்டன. ஆனாலும் அவர் வீட்டுக்குப் போகாமல் மாடசாமியின் பக்கத்திலேயே பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மாலையில் மாரியம்மாள் உள்ளே வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்து நான் எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"நீங்க பாத்தியளாமே. அவிய எதுவும் சொன்னாவளா?" என்று கேட்டார் மாரியம்மாள்.

மாடசாமி தலை நிமிரவில்லை. "தண்ணி கேட்டாவ. குடுத்தேன். ரெண்டு மடக்குக் குடிச்சாவ."

"குடிச்சாவளா?"

"குடிச்சாவ தாயி. மடியில தலைய வச்சுத்தான் குடுத்தேன்."

மாரியம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெஞ்சின் அந்த ஓரத்தில் உட்கார்ந்தார். நீதிபதி எழுந்து போகும்வரை மூவரும் அப்படியே இருந்தார்கள்.

பேருந்து நிலையத்துக்கு நடந்து வரும்போது அக்கா சொன்னார்: "இத்தன மாசம் இந்த மனுசன்ட்ட கார் நிறம் கேட்டேன், நேரம் கேட்டேன், பேரம் கேட்டேன். இத நான் கேக்கலையே, தம்பி."

அவரது அடக்கத்துக்குச் செல்வி வந்திருந்தாள், மாரியம்மாளும் வந்திருந்தார். நான் அவரிடமிருந்து வைத்துக்கொள்வது ஒன்றுதான். சாட்சி யாராவது என் எதிரே வந்து உட்கார்ந்தால், வழக்குக்கு வேண்டியதையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டபின் பேனாவை மூடிவிட்டு, வழக்குக்கு வேண்டாத ஒன்றையும் கேட்கிறேன்.