நடு விளக்கு

மார்கழி அந்தி. மணமேல்குடிக் கடலுக்கு மேலே மூன்று விண்மீன்கள் ஒரே கோட்டில் ஏறுகின்றன. கீழே மூன்று வள்ளங்களின் விளக்குகள். கரையில் மூன்று பெண்கள் அடுப்புக் கூட்டியிருக்கிறார்கள். இருவர் உலை வைத்துவிட்டார்கள். மூன்றாமவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

வாத்தியாரான என் வாய் சும்மா இருக்காது. “அந்த வெள்ளிங்க பக்கத்துல பக்கத்துல தெரியுதே தவிர, ஒண்ணுக்கொண்ணு ரொம்பத் தூரம்மா,” என்கிறேன் அந்த மூன்றாமவரிடம்.

அவர் கடலைக் காட்டுகிறார். “இதுவும் அப்படித்தான் சார். நடு வெளக்கு எங்க வீட்டுக்காரரு. பெரிய வெளக்கு, அதான் கிட்டத் தெரியுது. ஆளு ரொம்ப அங்கிட்டு இருக்காரு. இப்பவே ஒலை வச்சா சோறு ஆறிப்போகும்ல?”

இரண்டு வள்ளங்கள் கரை சேர்ந்து, அவற்றில் வந்தவர்கள் சாப்பிட்டும் முடிக்கிறார்கள். நடு விளக்கு நகர்ந்ததாகவே எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண் கடலை ஒருமுறை பார்த்துவிட்டு, தன் அடுப்புக்குத் தீக்குச்சியைக் கிழிக்கிறார்.