எர்மெஸ் வாங்கிய நீலக் கார்

எர்மெஸ் நல்லவன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைக் கேட்டு யாரும் அவனைத் தப்பாக நினைக்கக் கூடாது. டைல்ஸ் தொழிற்சாலையில் சூளையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சம்பாதித்ததில் வீட்டுக்குப் போக மிச்சமெல்லாம் கார்களில் போயிற்று. புதுக் கார் இல்லை. பணக்காரர்கள் ஆசைப்பட்டு வாங்கி, அலுத்துப்போய்த் தள்ளிவிட்ட பெரிய எஞ்சின் கார்கள். அவன் அப்பா மாடு கட்டிய கொட்டிலில் அப்படி மூன்று நின்றன. இத்தாலியில் எங்கள் மொதெனா பக்கத்தில்தான் இந்தக் கார்களைச் செய்வதே; இங்கே இது ஒன்றும் அதிசயமில்லை. கசாப்புக் கடைக்காரரிடம்கூட ஒன்று இருந்தது.

கார் பார்க்கப் போகும்போது பாக்கெட்டில் ஒரு காந்தம் எடுத்துப் போவான். பெயிண்ட் கீறாமல் இருக்க, மனைவி நிவெஸின் பழைய காலுறைத் துண்டில் அதைச் சுற்றியிருப்பான். கார் உடம்பெல்லாம் தடவிப் பார்ப்பான். ஒட்டினால் இரும்பு. நழுவினால் பள்ளத்தை மறைக்கப் பட்டி மாவு அப்பியிருக்கிறார்கள், எங்கோ அடிபட்ட வண்டி.

நிவெஸுக்கு ஒரே தம்பி, லோரிஸ். பாலாடைக்கட்டி செய்யும் இடத்தில் வேலை. ஒரு நவம்பர் சாயங்காலம், கால்வாய் ரோட்டில் சைக்கிளில் வந்தவனை ஒரு கார் இடித்துக் கொன்று போட்டுவிட்டுப் போனது. வளைவில் முதல் வீடு என்னுடையது. அன்றைக்கு மூடுபனி, கை நீட்டினால் விரல் தெரியாது. எனக்குச் சத்தம்தான் கேட்டது. இடித்தது. வேகம் குறைந்தது. நின்றது. பிறகு முதல் கியரிலிருந்து நேராக மூன்றாவதுக்குப் போட்டுக்கொண்டு போய்விட்டது. எர்மெஸ் வைத்திருப்பது மாதிரிப் பெரிய எஞ்சின் கார்களில் எண்ணெய் சூடேறும்வரை இரண்டாவது கியர் விழாது, தாண்டித்தான் போட வேண்டும். வீட்டை விட்டு அப்போதுதான் கிளம்பிய கார் என்று அர்த்தம். பக்கத்து ஆள். இதைப் போலீஸிடம் சொன்னேன். பனியில் எல்லா வண்டியும் ஒரே மாதிரிதான் கேட்கும் என்றார்கள். கேட்காது. அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

இடித்தவன் யார் என்ற கேள்வியைக்கூட நிவெஸ் தாங்கிக்கொண்டாள். இடித்தது ஒரு மனிதனை என்று தெரிந்தே போனானா, தெரியாமல் போனானா? அதுதான் அவளை உள்ளேயிருந்து தின்றது. பனியில் நாயோ கம்பமோ என்று நினைத்திருப்பான் மகளே, என்று பாதிரியார் சொல்வார். அதைப் பிடித்துக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டினாள்.

அப்புறம்தான் எர்மெஸுக்கு நீலக் கார் கிடைத்தது. பக்கத்து ஊரில் பத்திரம் பதிகிற ஒருவர் செத்துப்போனார். அவர் மருமகன் கொட்டகையைக் காலி செய்தபோது உள்ளே நின்றது. பழைய கறுப்பு நம்பர் பலகை அப்படியே இருந்தது; வேறு மாவட்டத்துக்குக் கைமாறியிருந்தால் பலகையை மாற்றியிருப்பார்கள். அப்படியென்றால் கார் இந்த மாவட்டத்தை விட்டுப் போனதே இல்லை. ஓடியதும் ரொம்பக் குறைவு. இந்தப் பைத்தியக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் கிடையாது. ஏன் ஓடவில்லை என்று ஒருத்தனும் கேட்க மாட்டான்.

வலதுபக்க முன் மட்கார்டில் மட்டும் காந்தம் நழுவியது. எர்மெஸ் கவலைப்படவில்லை. தகடு தட்டும் ஓரெஸ்தேயிடம் கொண்டுபோய்விட்டான். குளிர்காலம் முழுக்க அங்கே கிடந்து, வசந்தத்தில் புதுப் பெண்போலத் திரும்பி வந்தது.

முதல் நாள் என்னிடம் காட்ட வளைவுக்கு ஓட்டிக்கொண்டு வந்தான். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். முதல் கியர், நேராக மூன்றாவது; பனியில் அன்று கேட்ட அதே எஞ்சின். கீரை மடியிலிருந்து விழுந்துவிட்டது.

"என்ன திர்ச்செ அத்தை, எப்படி இருக்கா என் பொண்ணு?"

"எஞ்சினை நிறுத்து."

"ஏன், காது போயிடுச்சா?"

"காது இருக்கிறதாலதான் சொல்றேன். நிறுத்துடா!"

நிறுத்தினான். எவ்வளவு நாளாகக் கொட்டகையில் நின்றது என்று கேட்டேன். சொன்னான். சொல்லும்போதே அவன் முகம் வெளுத்தது. லோரிஸ் செத்த வருஷம் அவனுக்கும் தெரியும்தானே.

இரண்டு பேருமாக ஓரெஸ்தேயிடம் போனோம்.

"அந்த மட்கார்டுல என்ன இருந்துச்சு?" என்றான் எர்மெஸ்.

"பட்டி. கை தெரியாதவன் எவனோ அப்பியிருக்கான். தோண்டி எடுத்தேன், கீழே பள்ளம்."

"வேற?"

"பள்ளத்துல கொஞ்சம் பச்சை பெயிண்ட். ஜன்னல் கதவுக்கு அடிக்கிற பச்சை. ஏன்டா, பேய் மாதிரி நிக்கிறே?"

லோரிஸின் சைக்கிளுக்கு அவன் அப்பா ஜன்னல் கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சையைத்தான் பூசியிருந்தார். எர்மெஸ் அதைச் சொன்னான்.

ஓரெஸ்தே கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "டேய், அந்தப் பச்சை இந்தச் சமவெளி முழுக்க இருக்கு. என் வீட்டுக் கேட்டும் அதேதான். எவன் கேட்டுல உரசிச்சோ?"

"அந்தப் பெயிண்ட் எங்கே?"

"தேய்ச்சுத் தூளாக்கிக் குப்பையில போட்டாச்சு. தொழிற்சாலையில இருந்து வந்த மாதிரி வேணும்னு நீதானே உயிரை எடுத்தே?"

பள்ளமும் போயிற்று, பச்சையும் போயிற்று. எர்மெஸ் தன் காசைக் கொடுத்துத் தானே அழித்தான். கார் வைத்திருப்பவனைத் தவிர வேறு எவன் செய்வான் இப்படி?

செத்துப்போனவரின் மருமகனிடம் கேட்டோம், அவனுக்கு எதுவும் தெரியவில்லை. மாமாவுக்குப் பனி என்றால் பயம், அதனால் ஓட்டுவதை விட்டுவிட்டார் என்றான்.

நிவெஸிடம் மறைக்கக் கூடாது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். கேட்டு அவள் அழவில்லை. கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டுத் தினமும் கொட்டிலில் போய் அந்த மட்கார்டுக்கு எதிரே நிற்க ஆரம்பித்தாள். எர்மெஸ் மற்ற மூன்று கார்களையும் தொடவில்லை. "அதுக்கு முதுகைக் காட்டி நிக்க முடியல அத்தை. யாரோ உள்ள உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கு" என்று என்னிடம் சொன்னான். கழுவித் துடைத்து வைத்தாலும் மறுநாள் அந்த ஒரு மட்கார்டு மட்டும் ஈரமாக இருக்குமாம். நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். ஈரம்தான். கொட்டில் ஒழுகுகிறது என்பார் ஓரெஸ்தே. ஒழுகவில்லை.

"வித்துடறேன் நிவெஸ். இல்லன்னா நசுக்கக் குடுத்துடறேன்."

"அன்னைக்கு அங்க இருந்ததுல இது ஒண்ணுதான் மிச்சம். அதையும் நசுக்குவியா?"

நவம்பரில் பனி இறங்கிய முதல் சாயங்காலம் அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு கொட்டில் வாசலில் நின்றாள். "காரை எடு" என்றாள். அவன் எடுத்தான். வளைவில் இறங்கிக்கொண்டு, கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வரச் சொல்லி அவனை அனுப்பினாள். சத்தம் கேட்டு நான் சால்வையோடு ஓடினேன்.

"என்னடி பண்றே? ஓரமா வா!"

"நீங்க தள்ளி நில்லுங்க அத்தை."

லோரிஸ் விழுந்த இடத்தில் நின்றாள். பனிக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. வெளிச்சம் இரண்டு மஞ்சள் கறையாக வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது கார் அவளுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றிருந்தது. எர்மெஸ் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்திருந்தான். அவள் கண்ணாடியைத் தட்டினாள்.

"எங்க வரும்போது தெரிஞ்சேன்?"

"வேண்டாம் நிவெஸ்."

"சொல்லு. பொய் சொன்னா உன் குரல் எனக்குத் தெரியும்."

"வளைவுக்கு முன்னாடி நிக்குதே, அந்த மரத்துக்கிட்ட வரும்போதே."

"கம்பம்னு நினைச்சியா? நாய்னு?"

"மனுஷின்னு தெரிஞ்சுது."

அவள் தலையாட்டினாள். காரில் ஏறவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு நடந்து வந்தாள். சூப் கொடுத்தேன், முழுக் கிண்ணமும் குடித்தாள். வெளியே எஞ்சின் அணைந்திருந்தது. எர்மெஸ் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

"இத்தனை வருஷமா கோயில்ல ரெண்டு மெழுகுவத்தி ஏத்தினேன் அத்தை" என்றாள். "தம்பிக்கு ஒண்ணு. அறியாம இடிச்சுட்ட பாவத்துக்கு, பேர் தெரியாத அவனுக்கு ஒண்ணு."

அந்த ஞாயிறு அவள் பக்கத்தில்தான் நான் முழங்காலிட்டிருந்தேன். அவள் ஒன்றுதான் ஏற்றினாள்.