இடப்பக்க இருக்கை

இது நடந்தது 2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அதற்குச் சில வாரம் முன்புதான் பழனி சேனாதிபதி எனக்குத் தம் பழைய காரை விற்றார். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விற்றார். இதுவே என் முறையீடு. மாணவர் கட்டுரைகளில் மிகைப்படுத்தலைக் கண்டால் சிவப்பு மையால் அடித்தே பழகியவன் நான். இதில் ஒரு சொல்லும் மிகையன்று.

என் மனைவி ஞானம்மா முன்னிருக்கையில் அமர்ந்தால் மட்டும் எஞ்சின் கோளாறைக் காட்டும் செக் எஞ்சின் லைட் எரியும். நான் தனியே சென்றால் எரியாது. செண்பகனூர் மெக்கானிக் ராஜமுருகன் கோளாறு கண்டுபிடிக்கும் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். பிழை எதுவும் பதிவாகவில்லை. ஸ்கேனரிலேயே எச்சரிக்கையை அழித்தார், விளக்கு அணைந்தது. அவள் ஏறினாள். மறுபடி எரிந்தது.

"சார், அம்மாவைப் பின்னாடி உக்காரச் சொல்லுங்க. வண்டி தாங்கல போல."

"ஏலே, நான் என்ன பூண்டு மூட்டையா?" என்றாள் ஞானம்மா.

அந்த ஞாயிறன்று பழனியில் பேரனுக்கு முடியிறக்கம். பக்கத்து வீட்டு ராஜ்மோகன் புதுக் கார் வாங்கியிருந்தார். அவரும் விழாவுக்கு வருபவர்; இரண்டு நாள் முன்பே அழைத்தார்.

"அக்கா, நம்ம வண்டியில வாங்க. வெரசாப் போயிரலாம்."

"போவமாங்க? அவரு வண்டியில ஒரு லைட்டும் எரியாது" என்றாள் இவள், என்னைப் பார்த்து.

எனக்கு வயிறு எரிந்தது. என் மனைவி அவர் காரிலா? நானே ஒரு ஸ்கேனர் வாங்கினேன். அவளை என் அருகில் அமர்த்திக்கொண்டு, என் காரிலேயே புறப்பட்டேன்.

பெருமாள்மலை தாண்டியதும் பட்டப்பகலில் மூடுபனி இறங்கியது. விளக்கு எரிந்தது. ஓரமாக நிறுத்தி ஸ்கேனரைச் செருகினேன். ராஜ்மோகன் ஹாரன் அடித்தபடி எங்களைக் கடந்து போனார்.

அழித்தேன்.

"ஏங்க, பெல்ட்டு இறுக்குது."

நிற்கும் வண்டியில் பெல்ட் எப்படி இறுகும்? விளக்கு மீண்டும் எரிந்தது. அழித்தேன்.

"ஏங்க... மூச்சு முட்டுது..."

மறுபடி விளக்கு. ராஜ்மோகன் முந்திப் போய்ச் சேர்ந்துவிடுவாரே! என் மனத்தில் வேறு எண்ணமே இல்லை. மறுபடியும் அழித்தேன்.

அவளிடமிருந்து சத்தம் இல்லை.

திரும்பினேன். அவள் முகம் கறுத்திருந்தது. பெல்ட்டைக் கழற்றப் பார்த்தேன். பூட்டு அசையவில்லை.

"அவ எறங்கிருவா... விட்டுரு!"

யாரிடம் கத்தினேன்? தெரியவில்லை.

படக்.

விட்டது.

அவளைப் பின்னிருக்கையில் கிடத்தினேன். இருமினாள். மூச்சு வந்தது.

விளக்கு தானாக அணைந்தது.

முன்னால்... காலி இருக்கையில்... பெல்ட் மெல்ல நீண்டது.

குறுக்கே வந்தது.

க்ளிக்.

மறுநாள் சேனாதிபதியைத் தொலைபேசியில் பிடித்தேன். "உம் காரில் யார் இறந்தார்கள்?"

"யாரும் இல்லைங்க. என் மொத சம்சாரம் ஆசைப்பட்டு, அவ நகையை வித்துப் புக் பண்ணுன வண்டி. டெலிவரிக்கு மொத நாளு போய்ச் சேந்துட்டா. அவ அதுல ஒரு தடவகூட ஏறுனதில்லைங்க. அடுத்த வருசம் ரெண்டாவது சம்சாரத்தை முன்னாடி உக்கார வச்சேன். அப்ப எரிஞ்ச லைட்டுங்க."

பிறகு தணிந்த குரலில் கேட்டார்:

"அவ இப்பவும் முன்னாடிதான் உக்காந்திருக்காளா?"

பழைய கார் வாங்குவோரே, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைப் பிறகு கேளுங்கள். இடப்பக்க இருக்கைக்கு ஏங்கியவர் யார் என்று முதலில் கேளுங்கள். விடை கிடைக்கும்வரை அந்த விளக்கை அழிக்காதீர்கள்.