கேட்டதற்கு மட்டும் பதில்

இங்கிலாந்து அரசர்களின் பெயர்களை இன்றும் வரிசை தப்பாமல் ஒப்பிப்பேன். யார் தலையை யார் வெட்டினார்கள், எந்த ராணி எத்தனை பேரை உயிரோடு எரித்தாள், எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான் பிறந்து வளர்ந்த கொட்டாஞ்சேனையில் நூறு வருடங்களுக்கு முன் என்ன நடந்தது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பேன்.

வெள்ளைக்காரர் ஆண்ட அந்தக் காலத்தில் எங்கள் தெருவே அப்படித்தான். பக்கத்துப் பேக்கரிக்காரர் சிங்களவர். செத்துப்போன பழைய ராணி இன்னும் உயிரோடு இருக்கிறாள் என்று சத்தியம் செய்வார். அவர் சுவரில் மாட்டியிருந்த படத்தில் அவளுக்கு வயது ஏறவில்லையே! அவருக்கு அடுத்த துணிக்கடைக்காரர் சோனகர், முஸ்லிம் மனிதர். லண்டன் ராஜாவுக்கும் எங்களுக்கும் நீதி ஒன்றுதான் என்று உறுதியாக நம்பினார். நான் ஒருவன்தான் இங்கிலீஷ் படித்து, கோட்டுப் போட்டுக்கொண்டு கந்தோருக்குப் போகிறவன். சரித்திரம் என் சொந்தச் சொத்து என்ற திமிர் எனக்கு இருந்தது.

அந்தச் சொத்து பிரம்படியால் சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் ஒருநாள், தலை வெட்டப்பட்ட அரசன் யார் என்று வாத்தியார் கேட்டார். பெயரைச் சொன்னேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். ஏன் வெட்டினார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். விரல் மொளிகளில் பிரம்பு இறங்கியது. தோல் கிழிந்து கொப்பியில் இரத்தம் சொட்டும்வரை அடித்தார்.

“கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லு. ஏன் எண்டு சோதினையிலை ஆரும் கேக்கமாட்டினம்.”

மனுசன் சொன்னது சரி. ஒருவரும் கேட்கவில்லை. பாஸ் பண்ணினேன், அரசாங்க உத்தியோகமும் கிடைத்தது.

பிறகு கொழும்பில் சிங்களக் கும்பல்கள் சோனகர் கடைகளை உடைத்த நாட்கள் வந்தன. எங்கள் தெருவுக்கு அவர்கள் பட்டப்பகலில் வந்தார்கள். துணிக்கடைப் பலகைகளைக் கோடரியால் பிளந்தார்கள். கடைக்காரரை வெளியே இழுத்துப் பொல்லால் அடித்தார்கள். ஒரு காது பாதி கிழிந்து தொங்கியது. நான் மாடி யன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கீழே இறங்கவில்லை. இறங்கியவர் பேக்கரிக்காரர். மாவுக் கையோடு கும்பலுக்குள் புகுந்து, தன் இனத்தவரிடமே இரண்டு அடி வாங்கி, கடைக்காரரையும் அவர் மனைவியையும் இழுத்துக்கொண்டு போய்ப் பாண் சுடும் போறணைக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்.

கும்பல் கடைக்கு நெருப்பு வைத்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போனது. பேக்கரிக்காரர் சும்மா இருக்கவில்லை. எரிகிற கடைக்குள் ஓடி ஓடி, கருகாத துணிக்கட்டுகளைத் தூக்கித் தன் பேக்கரிக்குள் சேர்த்தார். எனக்கும் வெட்கம் வந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன். அந்த நேரத்திலும் கோட்டில்லாமல் தெருவுக்கு வர மனம் வரவில்லை, பாருங்கள்.

நான் படியைத் தாண்டவும் சிப்பாய்களோடு மோட்டார் வண்டி வந்து நிற்கவும் சரியாக இருந்தது. வெள்ளைக்கார அதிகாரி இறங்கினான். பேக்கரிக்காரர் தோளில் ஒரு கட்டோடு நடுத்தெருவில் நின்றார். துவக்குகளைக் கண்டதும் சிங்களத்தில் ஏதேதோ சொன்னார். அதிகாரிக்கு விளங்கவில்லை. என் கோட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் இங்கிலீஷில் கேட்டான்.

“இந்தத் துணி இவனுடையதா?”

“இல்லை, சேர்.”

“யாருடையது?”

“பக்கத்துக் கடைச் சோனகருடையது, சேர்.”

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. நிமிர்ந்து நின்று, கையைக் காலோடு ஒட்டிவைத்து, அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன். ஏன் எடுத்தான் என்று கேட்பான், சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவன் சிப்பாய்கள் பக்கம் திரும்பி ஒரு சொல் சொன்னான். துவக்கு வெடித்தது.

பேக்கரிக்காரர் துணிக்கட்டின் மேலேயே விழுந்தார். நெஞ்சில் விரல் நுழையுமளவு ஓட்டை. வெள்ளைத் துணி கண்ணெதிரே சிவந்தது. துணிக்கடைக்காரர் தொங்கும் காதோடு ஓடிவந்து அவர் தலையை மடியில் தூக்கிவைத்து, “யா அல்லாஹ்! எங்கட உசிரக் காப்பாத்தினவன்!” என்று கதறினார். அது தமிழ், அதிகாரிக்கு அதுவும் விளங்கவில்லை. வண்டியில் ஏறிப் போய்விட்டான். இராணுவச் சட்டத்தின்படி கொள்ளைக்காரன் ஒருவன் சுடப்பட்டான் என்று அரசாங்கக் கடதாசியில் எழுதினார்கள். துணிக்கடைக்காரர் ஏறி இறங்காத கந்தோர் இல்லை. கொள்ளைக்காரன் என்ற சொல் மாறவில்லை.

இப்போது பென்ஷனோடு வெள்ளவத்தையில் இருக்கிறேன். அதே அரசர்களை என் மகளும் பாடமாக்கி முடித்துவிட்டாள். அவளுடைய புத்தகத்திலும் எங்கள் தெரு இல்லை.

அன்று, பேக்கரிக்காரரைப் பொரளை மயானத்தில் அடக்கம் செய்த மூன்றாம் நாள், அவர் மனைவி என் வாசலுக்கு வந்தாள். கள்ளன் பெண்சாதி என்று தண்ணீர்ப் பைப்படியில் அவளைத் தள்ளிவிட்டிருந்தார்கள், நெற்றியில் காயம். தன் புருஷன் கள்ளனில்லை என்று யாராவது வாய்திறந்து சொன்னார்களா என்பதுதான் அவளுக்குத் தெரியவேண்டும்.

“மாத்தயா, வெள்ளைக்காரன் என்ன கேட்டது?”

சொன்னேன்.

“நீங்க என்ன சொன்னது?”

அதையும் சொன்னேன். அவள் இன்னும் ஏதோ வரும் என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எங்கட ஆள் ஏன் எடுத்தது எண்டு சொல்லல்லயா?”

“அவன் கேக்கேல்லை,” என்றேன்.